பதினேழாவது கேள்வி

நெறிக்குழுவுக்கு அனுப்பிய திட்டத்தில்
இருபத்திரண்டு கேள்விகள்.
பதினேழாவதோடு மட்டும் மூன்று மாதம் மல்லுக்கட்டினேன்:
கையெழுத்திடும் முன் படிவம் புரிந்ததா?
நன்றாக. ஓரளவு. இல்லை.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
சிறுநீரக மருந்துச் சோதனையில் சேர்ந்தவர்களில்
இருபது பேரைக் கேட்பதாக ஏற்பாடு.
போதாது என்றார் புள்ளியியல் ஞானதிரவியம்.
புதிதாய் எதுவும் காதில் விழாதபோது
நிறுத்திவிடலாம் சார், அதுதான் முறை என்றேன்.
காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"இப்ப நிறுத்திரலாமா?"

மேலப்பாளையம், சித்திரை மதியம்.
செய்யதலி பாத்திமா, வயது ஐம்பத்தொன்று.
மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும்.
விரல் பீடி சுற்றச் சுற்ற
வாய் பதில் சொல்லிக்கொண்டே வந்தது
பதினாறு வரை.
பதினேழில் நூல் நின்றது.

"டாக்டரு நின்னுக்கிட்டே இருந்தாருல்லா.
ரூமுல ஒத்த நாற்காலி, அதுல நான்.
காலையிலேருந்து எத்தன பேருக்கு நின்னாரோ.
காலு கடுக்குமேன்னு போட்டுக் குடுத்தேன்."

எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க?
ஓரத்தில் எழுதினேன்: நாற்காலி.

ஜங்ஷன் பஸ் கொக்கிரகுளம் தாண்டிப்
பாலத்தில் ஏறியது.
கீழே ஆறு, பாதி மணல்.
இத்தனை பேர் இரக்கப்பட்டுச் சம்மதித்தார்கள் என்று
எண்ணிச் சொல்ல எனக்குத் தெரியும்.
அது சம்மதம்தானா என்பது அக்கரை.
என் திட்டத்தில் பாலத்துக்கு
அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தேன்,
'விவாதம்' என்ற தலைப்பில்.

ராத்திரி அவள் கையெழுத்தை எடுத்துப் பார்த்தேன்.
எனக்குப் போட்டது, என் படிவத்தில்.
எழுத்துக்கூட்டிப் போட்ட 'செய்', அப்புறம் ஒரு இழுப்பு.
மறந்தே போயிருந்தது:
படியேறாமல் வெயிலில் நின்றபடிதான் நீட்டினேன்.
நாலு பக்கம். ஒன்றையும் புரட்டவில்லை.
போட்டுக் கொடுத்துவிட்டு
"உள்ள வாம்மா, மூஞ்செல்லாம் செவந்து கெடக்கு" என்றாள்.

இந்தப் பேட்டியைச் சேர்க்கக் கூடாது.
விட்டுவிட்டால்
மிச்சம் பத்தொன்பதை எதற்கு எடுக்கிறேன் என்று
எனக்கே சொல்லத் தெரியாது.

திருத்திய திட்டம் போயிருக்கிறது.
கேள்விகள் இருபத்தைந்து.
யார் நின்றார், யாருக்கு அவசரம்,
அறையில் எத்தனை இருக்கை.
செலவுப் பட்டியலில் கடைசி வரி:
மடக்கு நாற்காலி, இரண்டு.

குழு காரணம் கேட்டிருக்கிறது.