மூன்று எண் தள்ளி

டுலூத்தில் தெருக்கள் எல்லாம்
ஏரிக்குள் விழப் பார்க்கும்.
அப்படி ஓர் இறக்கத்தில்தான்
மார்லிஸ் ஹௌகன் பிரேக்கை அழுத்தினாள்.
பிடி வந்து கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது,
வெண்ணெய்க்குள் விரல் விட்ட மாதிரி.

ரொட்டி லாரியின் பக்கத்தில் போய் நின்றாளாம்.
'நின்றாள்' என்பது காப்பீட்டுக்காரன் எழுதிய சொல்.

திரும்ப அழைக்கும் வண்டிகள் 4418 வரை.
அவளுடையது 4421.
தங்கள் வாகனம் பட்டியலில் இல்லை,
எண்ணெய் மாற்றாதது உரிமையாளரின் பிழை
என்கிறது கம்பெனிக் கடிதம்.

மாற்றியது நான்.
மே மாதம், இதே மேடையில்.
ரசீதில் என் கிறுக்கல் இருக்கிறது.

இன்று காலை 4416 வந்தது.
கழற்றிய குழாயைப் பிளந்து விளக்கில் பிடித்தேன்.
உள்தோல் உரிந்து
சீழ் கோத்த ஈறு போல வீங்கிக் கிடந்தது.
பசை பூசியவனுக்கு
எந்த எண்ணில் கோடு கிழிப்பார்கள் என்று
யார் சொல்லியிருப்பார்கள்?

பழைய பாகத்தை நசுக்கி எறிய வேண்டும் என்பது உத்தரவு.
'நசுக்கியாயிற்று.' கையெழுத்து: ஆரின் வெஸ்ட்பி.

ஆறு மணிக்கு அவள் வக்கீல் அலுவலகம் மூடும்.
மதியம் நான் ஆப்பிளைத் தொடவில்லை.
சாப்பாட்டு டப்பா முழுக்க
பிரேக் எண்ணெய் வாடை.