ஒன்பது விநாடி

முதலாவது கல்முனையில் கிடைத்தது,
கைபேசி உறைகளுக்கு நடுவே தூசி பிடித்த ஒரு தட்டு.
அட்டையில் வேறேதோ படத்தின் நடிகை.
நாற்பத்தொன்பது நிமிடம்.
எல்லோரும் வயிற்றுக்கடுப்பு வந்தவர்களைப் போல ஓடினார்கள்.
செத்தவீட்டிலும் ஓடினார்கள்.
பின்னால் யாரோ ஒருவன்
படத்தையே பார்க்காமல் பியானோவைக் குத்திக்கொண்டிருந்தான்.

அந்தக் காலத்துக் கமராவைக் கையால் சுற்றினார்கள்.
விநாடிக்குப் பதினாறு சட்டகம், சிலவேளை பதினெட்டு,
சுற்றுகிறவனின் தோள் வலியைப் பொறுத்தது.
அதை இருபத்திநாலில் ஓட்டினால் துக்கமும் பகிடியாகிவிடும்.
எனக்கு இது தெரியும்.
கோட்டைமுனையில் இருபத்திரண்டு வருடமாகக்
கல்யாண வீடியோ வெட்டுகிறவன் நான்.

இரண்டாவதை மைத்துனர் ஜெபநேசன்
ரொறன்ரோவிலிருந்து அனுப்பினார்,
சொக்கிலேற்றுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் இடையில் செருகி.
எழுபத்தொரு நிமிடம். வேகம் சரி.
ஆனால் அகலத் திரைக்கென்று
மேலும் கீழும் நறுக்கியிருந்தார்கள்.
ஆண்களுக்கு நெற்றி இல்லை.
அவளுக்குக் கை இல்லை.
கடிதம் எழுதுகிறாள் என்பதைத்
தோள் அசைவதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதற்கு ஒரு கல்யாணத்தின் முற்பணம் முழுவதும் போனது.
சுங்கத்தில் பொதியைப் பிரித்தவர் கேட்டார்:
"என்ன படம்?"
"ஊமைப்படம்."
"கதைக்காத படத்துக்கா இவ்வளவு காசு?"

எண்பத்துநாலு நிமிடம்.
இரண்டு நாட்டில் கிடந்த இரண்டு பிரதியை
ஒன்றோடொன்று ஒட்டி எடுத்ததாம்.
இரவுக் காட்சிகளுக்கு நீலம் திரும்பி வந்திருந்தது.
சத்தத்தை முழுதாக நிறுத்தினேன், மின்விசிறியையும்.
மீன் பாடுகிற ஊர் என்று இதைச் சொல்வார்கள்.
அன்றைக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர்தான் பாடியது.

எண்பத்தோராவது நிமிடத்தில் கதவு வருகிறது.
மற்ற இரண்டிலும் அவள் வருகிறாள், திறக்கிறாள்.
இதில்
தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.
எடுக்கிறாள்.
உள்ளங்கையைப் பாவாடையில் துடைக்கிறாள்.
நிற்கிறாள்.
பிறகுதான் திறக்கிறாள்.
ஒன்பது விநாடி. எண்ணிப் பார்த்தேன்.
இவ்வளவு நாளும் அவளைத் துணிச்சல்காரி என்று நினைத்திருந்தேன்.

தட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஏழு, களுவாஞ்சிகுடி.
விமலோஜினியின் கழுத்தில் தாலி ஏறியது.
எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.
அவள் மண்டப வாசலைப் பார்த்தாள்,
ஆள் வரவேண்டிய வாசலைப் பார்ப்பதைப் போல.
பாட்டு அதற்குள் முடிந்துவிடும்.
நீளம் பொருந்தவில்லை.
வெட்டினேன்.
வெட்டின இடத்தில் ரோசா இதழ் விழவிட்டேன்,
அப்போது எல்லோரும் கேட்டு வாங்கிய இதழ்.

ஐந்து வருடம் கழித்துக் கடைக்கு வந்தாள்,
இடுப்பில் பிள்ளை, கையில் குடை.
"அண்ண, வெட்டாத கொப்பி கிடக்கா?
நான் வாசலப் பாத்துக்கொண்டு நிண்டனே, அது?"
யாரை என்று அவள் சொல்லவில்லை.
அந்த வருடத்தில் இங்கே யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

தேடுகிறேன் என்றேன்.
தேட எதுவும் இருக்கவில்லை.
அந்த நாடாவின் மேல் அடுத்த கிழமையே
செங்கலடியில் ஒரு சாமத்தியவீடு பதிந்திருந்தேன்.
நாடா அப்போது விலை.

இன்று காலை பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
மாப்பிள்ளையின் சித்தப்பாவும்
தோளில் ஒரு கமராவோடு குறுக்கே குறுக்கே வந்தவர்.
எத்தனை தரம் அவரை விலகச் சொல்லிக் கத்தியிருப்பேன்.
தாழங்குடாவில் இருக்கிறார்.
எடுத்தார்.
"அலுமாரிக்கு மேல ஒரு பெட்டி கிடக்கு தம்பி.
வெள்ளத்துல நனஞ்சது. என்னத்துக்குக் கேக்கிறயள்?"

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.
பூஞ்சணம் துடைக்கப் பஞ்சு வாங்கியாயிற்று.
அவர் கமரா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ.