எள்ளுப்பூ

கப்பலூர் தொழிற்பேட்டையின் கடைசிக் கொட்டகையில்
சிமென்ட் கட்டையோடு சங்கிலியால் பிணைத்திருக்கிறோம்
பறக்காத ஓர் எஞ்சினை.
மண்ணெண்ணெய் குடித்துக் கத்தும்.
வால்பக்கம் அறுநூற்று இருபது டிகிரி.
வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை,
புறவழிச்சாலைக் கானல்போலக் காற்று நெளியும், அவ்வளவுதான்.
கேமராவுக்கோ
வெள்ளை வெளேரென ஒரு தாழம்பூ
மடல்விரிந்து கொட்டகையைத் தாண்டி நீளும்.

தாழை மணத்துக்குப் பாம்பு வரும் என்பார்கள்.
இந்தத் தாழைக்கு வரும். நிச்சயம் வரும்.
குழிவிரியன் இருட்டில் எலியின் சூட்டைப் பார்ப்பதுபோல்
மூக்குநுனியில் கண் வைத்த ஒன்று
மேகத்துக்குப் பின்னிருந்து வரும்.
எஞ்சினுக்கு முன்னால் ஒருவன் உட்கார்ந்திருப்பான்,
அவனுக்கு ஒரு பெயர் இருக்கும்.

என் வேலை பூவை வாடவைப்பது.

வட்ட வாயைச் சப்பையாக்கினோம்.
உதட்டோரத்தைப் பல்பல்லாக வெட்டினோம்.
சுற்றி ஓர் உறை, உறையில் இடுக்குகள்:
வெளிக்காற்றை இழுத்து உள்நெருப்போடு கலக்கும்.
"டீ ஆத்துறதுக்கா
இம்புட்டுக் கணக்கு?" என்றார் வெல்டர் சிக்கந்தர்.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?
ஏப்ரலில் இங்கே காற்றே நாற்பத்தொன்று.
ஆற்றுவதற்கு இன்னொரு டம்ளரும்
அடுப்பில்தான் இருக்கிறது.

மூன்றாம் ஓட்டத்தில் உதடு வெடித்தது.
ஆறில் உறை உருகியது.
ஒன்பதில் எஞ்சினே மூச்சுத் திணறி நின்றது.
உள்ளூரில் கிடைக்காத ஒரு தகட்டுக்காகப் பதினெட்டு நாள்
சும்மா உட்கார்ந்து புரோட்டா தின்றோம்.

பதினான்காம் ஓட்டம்.
திரையில் தாழம்பூ
சுருங்கி, சுருங்கி
எள்ளுப்பூ ஆனது.

"சூடு எங்கதான் போச்சு?"
சிக்கந்தர் கண்ணாடியைக் கழற்றினார்.
எங்கும் போகவில்லை.
தகரக்கூரை சடசடத்தது.
அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
மதிலோரப் புங்கை ஒருபக்க இலையெல்லாம் சுருண்டிருந்தது.
ஒரே இடத்தில் நின்றதைக்
கொஞ்சம் கொஞ்சமாய் எல்லோர் மேலும் பூசியிருந்தோம்.

பொழுது இறங்கி ஒச்சம்மாள் வந்தாள்.
"குட்டி ஒண்ணக் காணோம்.
ஒங்க டப்பாவுல தெரியுமாம்ல?"

கொட்டகைக்குப் பின்னால் கைவிட்ட குவாரி.
கேமராவைத் திருப்பினேன்.
திரை முழுக்கச் சாம்பல்.
பகலெல்லாம் ஆட்டைவிடச் சூடாயிருந்த கல்
இறங்கி இறங்கி
இந்த நேரத்தில் ஆட்டின் சூட்டில் வந்து நிற்கும்.
உயிருள்ளதும் இல்லாததும் ஒரே எண்.
"ஒண்ணுமில்லயே" என்றாள்.
இருக்கும் என்றேன், இருங்கள்.

எனக்குத் தெரியும் இந்தச் சாம்பல்.
இரண்டு வருடமாக நான் செய்யப் பார்ப்பது இதைத்தான்.
ஒரு பாறை சும்மா கிடந்தே அதைச் செய்தது.

பன்னிரண்டு நிமிடம்.
கல் அரை டிகிரி இறங்கியது. இன்னும் அரை.
முதலில் இரண்டு புள்ளி, கண்கள்.
அப்புறம் வயிறு.
வெட்டுக்குழியின் மூன்றாம் படியில்
கால் மடக்கிப் படுத்திருந்தது, சத்தமே இல்லாமல்.

அவள் இறங்கினாள், திரையில் வெள்ளையாக,
வெள்ளையை மார்போடு அணைத்து ஏறினாள்.
ஒரு ரூபாய்கூடக் குறையாமல் விற்கும் என்று
குட்டியின் காதில் திட்டினாள்.

தேடுகிறவனுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்காது.
எங்கள் தொழிலின் மொத்த நம்பிக்கையும் அதுதான்.
அறிக்கையில் அதற்கொரு கட்டம் இல்லை.

ஏறும்போது அவள் ஊன்றிய கை
பாறையில் ஐந்து விரலாக இருந்தது,
ஆளில்லாத கை.
சிக்கந்தர் ஷட்டரை இழுத்துக்கொண்டே
"அணைச்சிரலாமா?" என்றார்.

இருக்கட்டும் என்றேன்.
சுண்டுவிரல் முதலில் போனது.