புள்ளி மூன்று

அரைமணி நேரம் சூடேறட்டும் என்றது கையேடு.
ஏறட்டும் என்று காபி போட்டேன்.
ஷெல்பியில் அக்டோபர் கடைசி. கராஜுக்குள்ளேயே மூச்சு புகைந்தது.
பலகைமேல் ஐம்பது பித்தளைக் கூடுகள்,
தீனிக்கு வாய்பிளந்த குஞ்சுகளாய்.

வெறும் தட்டை வைத்தேன்: சுழியம்.
எடுத்து வைத்தேன்: சுழியம்.
மூன்றாம் முறை, கழித்தல் புள்ளி இரண்டு.
ஒன்றுமே வைக்காத தட்டில்
என்னவோ குறைந்திருந்தது.

மருந்தைச் சரித்தேன். நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
கண்ணிமைத்தேன். புள்ளி நான்கு.
மூச்சைப் பிடித்தேன். புள்ளி ஒன்று.
பிறகு, என்மேல் இரக்கப்பட்டதுபோல்,
மறுபடி புள்ளி இரண்டு.

ஓரின் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
"தராசு நல்லாத்தான் இருக்கு, மாரிட்.
உன் கைதான் நடுங்குது."
சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியோடு
ராப்பணிக்குக் கிளம்பினான்,
தண்டவாளத்தோரம் பத்து மாடிக்கு நிற்கும்
கோதுமைக் குதிருக்கு.

சூடேற்றியின் வாயை அட்டையால் அடைத்தேன்.
கைபேசியை வண்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.
குழல்விளக்கை அணைத்து
மான் வேட்டைக்குக் கட்டும் தலைவிளக்கில் எண்களைப் படித்தேன்.
துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாளால் தட்டைத் துடைக்க,
ஓரத்தில் ஒட்டியிருந்த இரண்டு துணுக்குகள்
மனமில்லாமல் உதிர்ந்தன.
புது பேட்டரி.
நீர்மட்டக் குமிழி நட்டநடுவில்.
இருபது கிராம் சோதனைக் கல்லை இடுக்கியால் தூக்கி வைத்தேன்
(விரல் பட்டால் வியர்வையும் எடையாம்).
முந்நூற்றெட்டு புள்ளி ஆறு.
புள்ளி ஆறு.
புள்ளி ஆறு.
வாத்தியார் வந்ததும் கைகட்டிக்கொள்ளும் பிள்ளை.

கல்லை எடுக்கவில்லை.
கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு
பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன்.
எவ்வளவு நேரமோ.
யாரும் தொடவில்லை.
எண் நடுங்கியது.
ஏழு. ஐந்து. ஒன்பது.
அடுத்து காபியின் மேல்தோல் சிலிர்த்தது.
அடுத்து சன்னல் கண்ணாடி.
எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான்
என் காதுக்கு எட்டியது ரயில்.

இருபது வருடமாய்
கொல்லைக்கு நாற்பது கஜத்தில் ஓடுகிறது.
எப்போது என்று தெரியாது,
காது அதைக் கழித்துவிட்டுச்
சுழியத்தில் நின்றுகொண்டது.
தராசுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

கிரெய்ன் என்றால் ஒரு தானியமணி.
எதிர்த்தட்டில் ஒரு மணியை வைத்து
என்றோ யாரோ தொடங்கிய கணக்கு.
அதில் பத்தில் ஒரு பங்குக்கு
நான் மூச்சடக்கிக் கிடக்க,
நூற்றுப்பத்துப் பெட்டி நிறைய மணிகள்
மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன,
பலகையை உலுக்கி,
கல்லை உலுக்கி,
தொடைக்கடியில் கிடந்த என் கையையும் உலுக்கி.

கடைசிப் பெட்டி போனது. காபி அடங்கியது.
புள்ளி ஆறு.

முன்னே நிரப்பிய பன்னிரண்டையும்
புட்டிக்கே திருப்பிக் கொட்டினேன். நம்பிக்கை இல்லை.
பலகை விளிம்பில் ஒட்டுத்தாள் கிழித்து ஒட்டி
'1.20' என்று எழுதினேன்.
கீழே நிறைய இடம் விட்டேன்.

விடியலில் வந்தான்,
புருவமெல்லாம் கோதுமைத் தூசி.
"என்ன, கை நின்னுச்சா?"

"ராத்திரி எத்தனை மணிக்கு வண்டியை விட்டீங்க?"

"ஒண்ணே காலுக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல.
புள்ளி மூணு
கூடுதலா ஏத்திட்ட."