சறுக்கு

பையில் பேனா இருந்ததால் பொருளாளர் ஆனேன்.
ரேஷன் கடை ஷட்டருக்கு முன்னால்
ஞாயிறு காலை பதினொரு மணி.
நாற்காலி பதினாலு, ஆட்கள் ஒன்பது.
"யாராச்சும் எழுதுங்கப்பா" என்றார்
டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற விருமாண்டி.
ஆஸ்பத்திரி லேபில்
ரத்தக் குப்பிகளுக்குப் பெயரெழுதும் பேனாவை எடுத்தேன்.
விளாங்குடி செம்பருத்தி நகருக்கு
அன்று ஒரு சங்கம் பிறந்தது.

சந்தா மாதம் ஐம்பது.
வீடு அறுபத்திரண்டு, தருவது பத்தொன்பது.
"லைட்டு எரியட்டும், தர்றேன்" என்பார்கள் ஒரு வீட்டில்.
"அதான் லைட்டு எரியுதே, பெறகெதுக்கு?" என்பார்
என் எதிர்வீட்டுக் குமரகுரு.

மழைத்தண்ணீர் வடிவதில்லை
என்கிற ஒரு வரியை
பதினொரு விதமாக எழுதியிருக்கிறேன்.
பணிந்து எழுதினேன்,
வார்டு எண் போட்டு எழுதினேன்,
டெங்கு வந்த ஒரு பிள்ளையின்
தட்டணுக் கணக்கைச் சேர்த்து எழுதினேன்.
(எண்ணியதும் நான்தான்.)
ஏழாவது மனுவில்
'வாய்க்கால் ஆக்கிரமிப்பாளர்கள்மீது
கடும் நடவடிக்கை' என்று எழுதி
'கடும்' என்பதற்குக் கீழே கோடு போட்டேன்.

திங்கள்தோறும் கலெக்டர் ஆபீஸ் வரிசை.
ஒருமுறை பதில் வந்தது:
ஆவன செய்யப்பட்டது.
என்ன ஆவன, யார் செய்தது
என்று கேட்டு இன்னொரு மனு.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது.
டெய்லர் மைமூன் கட்டில்மேல் மிஷினை ஏற்றி
அதன் பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்திருந்தாள்.
கார்ப்பரேஷன் லாரி
அங்கிட்டு எங்கேயோ நிற்பதாகச் சொன்னார்கள்.
விருமாண்டி ஒரு மூங்கில் கழியோடு இறங்கினார்,
வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில்.
வீட்டுக்கு வீடு சாக்கடைக்குள் கழியை விட்டு
சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.
இருபத்தாறு, போகுது.
இருபத்தெட்டு, போகுது.
குடை பிடித்துக்கொண்டு நான் குறித்தேன்.
முப்பத்தொண்ணு,
முட்டுது.

முப்பத்தொன்று என் வீடு.

ஸ்கூட்டி ஏற்ற நான்கு வருஷம் முன்னால் போட்ட சறுக்கு.
"நல்லா கெட்டியாப் போடுங்கண்ணே" என்று
கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்து
பக்கத்திலேயே நின்றவள் நான்.
அடியில் தண்ணீர் போக வழி விட்டாரா
என்று குனிந்து பார்க்கவில்லை.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கழியைப் பார்த்தார்கள்.
"மனுவுல ஒரு நம்பர் விட்டுப்போச்சும்மா"
என்றார் விருமாண்டி, மெதுவாகத்தான்.

சந்தா தராத குமரகுரு
உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார்.
முதல் குத்து நானே குத்தினேன்.
மணிக்கட்டு வலித்தது, சிமெண்டு அசையவில்லை.
கெட்டியாகத்தான் போட்டிருந்தார்
அந்தக் கொத்தனார்.

ஒன்றரை மணி நேரம் ஆனது.
உடைந்ததும் முதலில் வந்தது ஒற்றைச் செருப்பு,
பிறகு சிரட்டை, அரிசிச் சாக்கு,
யார் வீட்டுப் பாப்பாவுடையதோ ஒரு கிலுகிலுப்பை,
அதற்குப் பிறகுதான் தண்ணீர்,
தொண்டையைச் செருமிக்கொண்டு.
முழங்கால் கணுக்கால் ஆனது.
அதற்குமேல் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு
நாற்காலி பதினாலு, ஆட்கள் இருபத்தொன்று.
குமரகுரு ஐம்பது ரூபாய் தந்து
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.
மினிட்ஸ் நோட்டில் எழுதினேன்:
31ஆம் எண் வீட்டுச் சறுக்கு அகற்றப்பட்டது.
செலவு, டீ பன்னிரண்டு, நூற்றிருபது.

ராத்திரியில் இப்போது
ரெண்டு பலகை போட்டு ஸ்கூட்டியை ஏற்றுகிறேன்.
மைமூன் பார்த்தால் பின்னாலிருந்து தள்ளுவாள்,
பார்க்காத நாளில் அது தெருவிலேயே நிற்கும்.

கழி அடுத்து முட்டிய இடம் நாற்பதாம் எண்.
விருமாண்டி வீடு.
டைல்ஸ் பதித்த சறுக்கு, மகன் துபாயிலிருந்து
அனுப்பிய பணத்தில் போட்டது.
அவர் ஷட்டரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.
நான் பேனா மூடியைக் கழற்றி
வைத்திருக்கிறேன்.