ஒரு மீட்டர் எத்தனை கிராம்

கோடவுன் தெருவில் நாலு கடைகளில்
கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.
துணியை யாராவது எடைபோட்டு வாங்குவார்களா?
ஐந்தாவது கடையில் கியான்சந்த் மட்டும்
எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்,
என் சமையலறைத் தராசில் எண் துள்ளாமலிருக்க.

நேற்று வரை வெந்தயம் நிறுத்த தட்டு.
இன்று ஒவ்வொரு துணியாக மடித்து வைக்கிறேன்.

பருத்தி வேண்டாம்.
நனைந்தால் மழையையும் சேர்த்துச் சுமக்கச் சொல்லும்.
குடைத் துணியை வாயில் வைத்து ஊதினேன்,
மூச்சு அந்தப் பக்கம் போகவில்லை;
இரவெல்லாம் அதில் வெந்துகொண்டிருக்க முடியாது.
பாராசூட் என்று பெயர் சொல்லி விற்கும் வழவழப்பு
நகத்தால் ஒரு இழுப்புக்கே
இழை விலகி வகிடு எடுத்துக்கொண்டது.

"வூட்ல பழைய பொடவ இருக்குமேக்கா,"
என்றாள் பில் போடும் பெண்.
இருக்கிறது.
தூளியில் கிடந்தபோது நான் மூன்றரைக் கிலோ.
அந்தக் கணக்கு இப்போது செல்லாது.

பிறகு, ஏணியின் மேல்தட்டிலிருந்து
ஒரு சுருள் விழுந்தது.
விழுந்த சத்தமே இல்லை.
பாசிப்பயறு நிறம், உடம்பெங்கும் பொடிக் கட்டங்கள்
கணக்கு நோட்டு மாதிரி.
ஓரத்தில் ஊசியால் குத்திக் கிழித்தேன்.
கிழிசல் ஒரு கட்டம் ஓடி
அடுத்த கோட்டில் முட்டி நின்றது.
மீட்டர் அறுபத்திரண்டு கிராம்.
மூன்றேகால் மீட்டர் என்றால்
ஒரு கொய்யாப்பழம்.
ஜவ்வாது மலைக்கு ஒரு கொய்யாப்பழத்தைத்
தூக்கிக்கொண்டு போக மாட்டேனா?

"எவ்ளோ வெயிட் தாங்கணும்?"

ஜாதகத்தோடு போன பயோடேட்டாவில் ஐம்பத்தெட்டு.
ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில்
செருப்பைக் குற்றம் சொல்லி அறுபத்து மூன்று.
அறுபது என்றேன்.

வாசலில் பேல் இறக்கிக்கொண்டிருந்த ஏசுபாதம்
என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
நான் ஏறி நின்ற மரப்பலகையைப் பார்த்தார்.
"அறுவத்தொம்போது.
கைல அந்தப் பையோட எழுவது."

கடை முழுக்க ஒரு நொடி அமைதி.
மின்விசிறியும் ஓடவில்லை, சாக்குச் சொல்ல.

அறுபத்தொன்பது, என்றேன் துணியிடம்.
அதனிடம் மட்டும் பொய் சொல்லக் கூடாது.
எல்லோரும் பின்னால் பேசுவார்கள்,
இது நேராகத் தரையில் போடும்.

"ஒரு ஆளுக்கு இவ்ளோ அகலம் எதுக்கும்மா?"
குறுக்காகப் படுக்க, என்றேன்.
நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழம்;
மூலைக்கு மூலை கிடந்தால்தான்
துணி தட்டையாகித் தரை போலாகும்.
ஒரு முழு அகலத்தையும் குறுக்கே எடுத்துக்கொண்டு
கால் நீட்டுவது பற்றி
அவருக்கு அதற்கு மேல் விளக்கவில்லை.

வியாசர்பாடி, மூன்றாவது மாடி.
வெட்டிய விளிம்பை லைட்டரில் உருக்கி,
இரண்டு முனையிலும் மூன்று தையல்.
முதல் தையல் கோணல், பிரிக்கவில்லை.
தொட்டித் தூணுக்கும் படிக்கட்டு அறைக் கொக்கிக்கும்
நடுவே கட்டி,
கீழே தலையணைகள் போட்டு,
கடன் கேட்பவள் போல் மெல்ல உட்கார்ந்தேன்.

நைலான் ஒரு முனகல் முனகியது.
ஒரு சாண் தாழ்ந்தது.
இன்னும் நாலு விரல்.
நின்றது.

கால்களை எடுத்து உள்ளே வைத்தேன், குறுக்காக.
அறுபத்தொன்பது கிலோவும் வந்து சேர்ந்தது,
ஒன்றும் கிழியவில்லை.
எதிர் மாடியில் துணி எடுக்க வந்தவர்
பார்த்தும் பார்க்காதது போல்
ஒரு லுங்கியை நெடுநேரம் மடித்தார்.

கொஞ்சம் ஆடினேன்.

அப்போதுதான் முதுகில் சுரீர் என்றது.
கீழிருந்து, துணியோடு சேர்த்து,
பக்கிங்காம் கால்வாய்க் கொசு.
மீட்டர் எத்தனை கிராமில்
அதன் ஊசி நிற்கும் என்று
நாளைக்குத்தான்
கியான்சந்திடம் கேட்க வேண்டும்.