பாசிக்கோடு

ரொறன்ரோ. அருங்காட்சியகத்தின் நிலவறை.
மேலே டிராம் போகும்போதெல்லாம்
விளக்கு லேசாக நடுங்கும்.

பஞ்சுக்குச்சியை நாக்கில் தொட்டு
வெனிஸைத் துடைக்கிறேன்.
சிரிக்காதீர்கள்,
இருநூற்றெண்பது வருட அழுக்குக்கு
எச்சிலை மிஞ்சிய மருந்தில்லை.

வார்னிஷ் மஞ்சள் கழன்றதும்
வானம் வந்தது.
சிவப்புக் காலுறையோடு ஒரு படகோட்டி வந்தான்.
மாளிகை வாசலில் ஆறு படிகள்.
சுவரடியில் பச்சையாய் ஒரு கறை.
அதையும் எடுக்கக் குனிந்தேன்.

“தொடாதே,” என்றாள் மார்கிட்.
“அழுக்கில்லை அது, பாசி.
அன்றைக்குத் தண்ணீர் ஏறிய உயரம்.”

போன கோடையில் அவள் எடுத்த புகைப்படத்தைக் காட்டினாள்.
அதே வாசல்.
படிகளை எண்ணினேன்.
ஒன்று.
அதுவும் நனைந்து.

புதுக் குச்சி எடுத்தேன்.
மீதி ஐந்து படிகளுக்கு
எச்சில் ஊறவில்லை.